பன்னிரண்டு இருக்கை வண்டி

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்ததா? அத்தானுக்கு என் வணக்கம். சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால் உன்னிடமே வைத்துக்கொள்.

வேலை கிடைத்துவிட்டது. சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன், பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டி. கோட்டையும் அருங்காட்சியகமும் காட்டுகிற சுற்றுலா இல்லை, சாப்பாட்டுச் சுற்றுலா. காலையில் ஒரு சின்ன காப்பிக் கடை. பத்தரை மணிக்கு இன்னொரு கடையில் பிரஞ்ச். மதியம் பாலாடைக்கட்டி செய்கிற ஒரு வீடு. அதற்குப் பிறகு இரண்டு திராட்சைத் தோட்டம். அங்கே ஒயின் ஊற்றித் தருவார்கள், இவர்கள் சுவைத்துப் பார்ப்பார்கள். மாலை ஆறு மணிக்குள் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்க வேண்டும்.

உனக்குத் திக்கென்றிருக்கும். முதலாளி முதல் நாளே கேட்டார்: "குடிப்பியா?"

"இல்ல சார்."

"எப்போலேர்ந்து இல்ல?"

நான் மறைக்கவில்லை. "ரெண்டு வருஷம் மூணு மாசமா."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி இருந்தவன் நான் குடிக்கவே மாட்டேன்னு சொன்னான். மூணாவது வாரமே பின்சீட்ல படுத்துத் தூங்கிட்டான். நீ மாசக் கணக்கு சொல்ற. நாளைக்கு வா."

பறித்துக்கொண்ட உரிமத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்து ஓராண்டு ஆகிறதே, அதையும் பார்த்துக்கொண்டார். வேலை இவ்வளவுதான். பதில் போடு.

உன் தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உலகத்தில் உனக்கு வேறு வேலையே அகப்படவில்லையா? பள்ளிக்கூட வண்டி இல்லையா, தபால் வண்டி இல்லையா? கடிதத்தைப் படித்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. நான் உன்னை நம்புகிறேன். ஆனால் உன் அத்தானிடம் சொல்லவில்லை. நீ எழுதுவதே அவருக்குத் தெரியாது. நாளெல்லாம் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற மனிதர் அவர். நாலு வருஷத்துக்கு முன்னால் நீச்சல் வகுப்பிலிருந்து பாப்பாவை நீ கூட்டிவந்த அன்று, சுவரில் மோதி நின்ற வண்டியை அவர்தான் போய்ப் பார்த்தார். 'பிரேக் சரியா இருந்தது. வண்டியில கோளாறு ஒண்ணுமில்ல' என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை இந்த வீட்டில் உன் பேரை எடுத்ததில்லை. பாப்பாவின் புருவத்துக்கு மேலே ஏழு தையல் போட்ட இடத்தை அவள் முடியால் மறைத்துக்கொள்கிறாள். அதைச் சொல்லிக் காட்ட எழுதவில்லை. நீ ஓட்டப்போகிறாய் என்றதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நீயே சொன்னது நல்லதாகப் போயிற்று. அந்தக் குழறல் குரலை இனி நான் கேட்க வேண்டாம். உன் கையெழுத்து அடிக்கோல் வைத்தது போல நேராக இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான், சொல்வதற்கென்ன.

அது என்ன பிரஞ்ச்? பிரெஞ்சுக்காரர்கள் சாப்பாடா?

அன்புடன்
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நலம். மூட்டுக்கு எண்ணெய் தடவுகிறாயா, இல்லை பாட்டிலைத் தடவிவிட்டு அலமாரியில் வைக்கிறாயா?

பிரஞ்ச் என்பது பிரெஞ்சுக்காரர்கள் சமாச்சாரம் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு நேரம் கழித்தும் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் முந்தியும் எழுந்திருக்கிற சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பதினொரு மணிக்கு எழுந்து அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிடுவேனே, அதுதான். இங்கே அதற்கு மேசைத் துணி விரித்து, பூ வைத்து, திட்டாமல் பரிமாறுகிறார்கள்.

நாங்கள் போகிற பிரஞ்ச் கடையில் எட்டே மேசைகள். கடைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவசரப்படுத்துகிறவர்களுக்கு அவர் கடைசியில்தான் பரிமாறுவார். 'எங்களுக்கு நேரமாகுது' என்று ஒருவர் கையைத் தட்டினார். 'காளானுக்கு அது தெரியாதே' என்றார் அம்மா. வெண்ணெயில் பூண்டைப் போட்டு, காளானை நிதானமாக வதக்கி, சுட்ட ரொட்டிமேல் கொட்டி, அரைவேக்காட்டு முட்டையை உடைத்து ஊற்றித் தருவார். டிரைவருக்கு இலவசம். எனக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றும் பஸ் பிடித்து அங்கே போய், சன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு காப்பியை முக்கால் மணி நேரம் குடிக்கிறேன். ஒரு கோப்பையை நிதானமாகக் குடித்து முடிக்க எனக்கு இந்த வயதில்தான் தெரிந்திருக்கிறது.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். திராட்சைத் தோட்டத்து ஒயின் கிடங்குக்குள் முதல் வாரம் நான் போகவில்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே மர நிழலிலேயே நின்றேன். வாசனை அங்கேயும் வந்தது. மூன்றாம் வாரம் ஒரு பெரியவருக்குக் கைத்தாங்கலாக உள்ளே போக வேண்டியிருந்தது. போனேன், வந்தேன். அக்கா, ஒயினில் கைதேர்ந்தவர்கள் அதை விழுங்குவதே இல்லை தெரியுமா? வாயில் வைத்துக் கொப்பளித்து ஒரு வாளியில் துப்பிவிடுகிறார்கள். என் இருபது வருஷத்தில் ஒரு சொட்டைத் துப்பியதில்லை நான்!

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பி,

எண்ணெய் தடவுகிறேன், உன் மேல் ஆணை.

துப்புகிற வாளியைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். நீ சிரிக்க வைத்து எவ்வளவு நாளாயிற்று!

சனிக்கிழமை உன் கடைக்காரம்மாவின் காளான் ரொட்டியைச் செய்து பார்த்தேன். நான் நிதானம் காட்டாததால் முதல் தடவை தண்ணீர் விட்டுக்கொண்டு சொதசொதவென்று ஆகிவிட்டது. இரண்டாம் தடவை வந்தது. பாப்பா மூன்று துண்டு தின்றாள். அத்தான் தின்றுவிட்டு, "இதை எங்க கத்துக்கிட்ட?" என்றார். "பத்திரிகையில போட்டிருந்தான்" என்றேன். போட்டிருந்தது என்பதற்குப் பதில் போட்டிருந்தான் என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

உன் மாசக் கணக்கு இப்போது ரெண்டு வருஷம் ஐந்து மாசம். நானும் எண்ணுகிறேன்.

அக்கா


மே 6

அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். இங்கே கூட்டம் அதிகம், எழுத நேரமில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி


மே 16

தம்பி,

சுகமா என்று கேட்டுத் தொடங்கவே கை வரவில்லை.

உன் கடிதம் வந்தது. ஐந்து வரி. ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் சாய்ந்து, எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, 'கவலை' என்ற சொல்லில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. இந்தக் கையெழுத்தை நான் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். பழைய நாளில் நீ வைத்துவிட்டுப் போன சீட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. குடித்தாயா?

அக்கா


ஜூன் 24

தம்பி,

ஐந்து வாரமாயிற்று. தபால்காரர் என் முகத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

போன கடிதத்தை அப்படி எழுதியிருக்கக் கூடாது. அக்காவாகக் கேட்காமல் போலீஸ்காரியாகக் கேட்டுவிட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். ஆமாம் என்றாலும் எழுது. ஒரே ஒரு நாள் தவறியிருந்தாலும், பத்து நாள் தவறியிருந்தாலும் எழுது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவோம். நீ எழுதாமலே போவதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கடிதங்களைத் துணி அலமாரியில் வைத்திருந்தேன். போன வாரம் பார்த்தால் வேறு வரிசையில் இருந்தன. பாப்பா எடுத்தாளோ என்னவோ, கேட்கத் தைரியமில்லை. அத்தான் அலுவலக வேலையாக மூன்று நாள் வெளியூர் போயிருக்கிறார். அதனால்தான் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே எழுத முடிகிறது.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்கா,

முதலில் உன் கேள்விக்குப் பதில். இல்லை. குடிக்கவில்லை. ரெண்டு வருஷம் ஏழு மாசம், ஒரு நாள் கூடக் குறையவில்லை.

நீ பார்ப்பது என் இடது கை எழுத்து. வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை இரண்டு நாளாக எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, வண்டியில் வந்த ஒரு அம்மா ஆறு பாட்டில் வாங்கினார். கிடங்குப் படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கல்படி, ஈரம். ஏழாவது படியில் கால் வழுக்கிற்று. நான் கீழே, பெட்டி என்மேல். ஆறில் ஐந்து உடைந்தது. தலை முதல் கால் வரை ஒயின். இப்போது சொல், இதை உனக்கு எப்படி எழுதுவேன்? 'வழுக்கி விழுந்துட்டேன்க்கா, மேல கொட்டிடுச்சு.' இதே சொற்களை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் பொய். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாகவே வழுக்கி விழுந்தேன். அதைச் சொல்ல என்னிடம் வேறு வார்த்தை இல்லை. அதனால் கையைப் பற்றி எழுதாமலே விட்டேன். குடித்தாயா என்று நீ கேட்ட பிறகு மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இல்லை என்று எழுதினால் அதுவும் பழைய இல்லை மாதிரியே இருந்தது.

கை ஒடிந்தவன் வண்டி ஓட்ட முடியாது. கடைக்காரம்மா, 'இடது கையால தட்டு தூக்குவ இல்ல? வா' என்று கூப்பிட்டுக்கொண்டார். கை சேரும்வரை அங்கேதான் பரிமாறுகிறேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. ஒருவர் உள்ளே வந்து, சன்னலோர மேசையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா, அது அத்தான்.

போய் நின்று, பயத்தில், "என்ன சார் வேணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "இங்க என்ன நல்லா இருக்கும்?"

"காளான் ரொட்டி."

"அதுதான் எங்க வீட்டிலயே கிடைக்குதே. வேற சொல்லு."

தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட முட்டையைக் கொண்டுவந்து வைத்தேன். அப்போதுதான் என் கைக்கட்டைப் பார்த்தார்.

"கைக்கு என்ன?"

"விழுந்துட்டேன் அத்தான்."

"எங்க?"

"ஒயின் கிடங்குப் படியில."

முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க" என்றேன்.

"நீ சொல்லு. நம்பறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

சொன்னேன். கடைக்காரம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார். வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

"ஐயா, நீங்க யாரோ. இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான். சட்டையெல்லாம் ஒயின் நாத்தம். நர்ஸ் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. கை பூசணிக்காய் மாதிரி வீங்கித் தொங்குது, இவரு தொடவே விடல. முதல்ல ரத்தம் எடுத்துப் பாருங்க, அப்புறம் கட்டுப் போடுங்கன்னு நின்னாரு. முடிவு வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. டாக்டரே வந்து, இவருகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க."

அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு என்னிடம்தான் இருந்தது. ஏன் உனக்கு அனுப்பவில்லை என்று கேட்பாய். ஒரு தடவை அனுப்பினால் ஆயுசு முழுக்க உனக்குச் சீட்டு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமே என்று தோன்றியது. நீ சீட்டு இல்லாமல் நம்ப வேண்டும் என்று வீம்பு. உன் சோற்றைக் கெடுத்த வீம்பு. மன்னித்துவிடு.

அத்தான் சீட்டைக் கேட்கவில்லை. தட்டைக் காலி செய்தார். ரொட்டியால் தட்டைத் துடைத்தும் தின்றார். "வண்டி எங்க?" என்றார். அது கடைக்குப் பின்னால் நின்றது. எனக்குப் பதில் ஓட்டுகிறவருக்கு அன்று சுற்றுலா இல்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், அடியில் பார்த்தார், கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார்.

"யார் கழுவறது?"

"நான்தான். இடது கையால."

"பின்னாடி வலது சக்கரத்துல காத்து கம்மி" என்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி. அன்றே காற்று அடித்துவிட்டேன். பஸ்ஸில் ஏறும்போது, "அக்காவுக்கு எழுது. அவ சாப்பிடறதில்ல" என்றார்.

எழுதிவிட்டேன். சாப்பிடு, அக்கா.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். கட்டுப் பிரித்ததும் மணிக்கட்டுக்குப் பயிற்சி செய்யவும்.

உன் கடிதம் வந்த அன்று உன் அக்கா முதலில் அழுதாள். பிறகு இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். தெம்பு வந்ததும், அலுவலக வேலை என்று பொய் சொல்லிப் போனதற்காக என்னைத் திட்ட ஆரம்பித்தாள். இன்னும் முடியவில்லை.

கடிதங்களை எடுத்துப் படித்தது நான்தான். அது தவறு.

பாப்பாவிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். "நான் மாமாவை எப்பவோ மன்னிச்சிட்டேம்ப்பா. நீங்க யாரும் என்னைக் கேக்கவே இல்ல" என்றாள். நாலு வருடம் அவளுக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன்.

எனக்கு இதற்கு மேல் எழுத வராது. தகுதிச் சான்று கொடுத்த வண்டியை அடுத்த வருடமும் கூப்பிட்டுப் பார்ப்போம். அது வண்டியின் மேல் சந்தேகத்தால் அல்ல. உன் விஷயத்திலும் என்னிடமிருந்து அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

நீ மறுபடி ஓட்டத் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை மூன்று இடம் வேண்டும்.

அத்தான்


செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

மூவரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? பாப்பாவின் வயிறு தாங்கியதா? கடைக்காரம்மா இன்னும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார். இரண்டு காளான் ரொட்டி, அத்தானின் தட்டில் பாதி, உன் தட்டில் பாதி. அதற்கு மேல் பாலாடைக்கட்டி வீட்டில், 'மாமா, இங்க வேலை காலி இருக்கான்னு கேளுங்க' என்றாள்.

கண்ணாடியில் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். சாலையையும் பார்த்தேன், பயப்படாதே. கிளம்பியதிலிருந்து அத்தான் என் தோளுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தோட்டத்தில் ஒரு மடக்கு ஒயினை வாயில் வைத்துவிட்டு, துப்பவும் தெரியாமல் விழுங்கவும் மனமில்லாமல் கன்னம் உப்ப என்னையே பார்த்தாரே! நான்தான் வாளியைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். அதற்குப் பிறகு அவர் கம்பியைப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. எங்கள் சுற்றுலாவில் எல்லோரும் ஆசையாகக் காத்திருக்கிற இடம் கடைசி மலைச்சாலை. அந்த வளைவில் திரும்பினால் தோட்டமெல்லாம் கீழே விரிந்து கிடக்கும், தூரத்தில் ஏரி தெரியும். நான் வண்டியை மெதுவாக்கினேன். நீ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். பக்கத்து இருக்கைக்காரர், "எழுப்பட்டுமா? பாக்காம போயிடுவாங்களே" என்றார். "வேணாம், விடுங்க" என்று அத்தான் தடுத்துவிட்டார். காலையிலிருந்து உன்னை அலைக்கழித்துவிட்டேனோ? அடுத்த தடவை ஒரு கடையைக் குறைத்துவிடுகிறேன்.

தம்பி


அக்டோபர் 3

அன்புத் தம்பிக்கு,

பாப்பாவின் வயிறு கல்லையும் தின்று செரிக்கும். முழங்கால் தேவலை. உன் மணிக்கட்டுக்கு என் எண்ணெயில் பாதியை அனுப்புகிறேன், அலமாரியில் வைக்காதே.

ஒரு கடையையும் குறைக்காதே. நான் அலுப்பில் தூங்கவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். சுவரில் அந்த வண்டி மோதிய நாளிலிருந்து, எந்த வண்டியில் ஏறினாலும், யார் ஓட்டினாலும், என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வரும், அங்கே ஒரு பிரேக் இருப்பது போல. பஸ்ஸில் கூட. முழங்கால் வலி எப்படி வந்தது என்று நினைக்கிறாய்? டாக்டரிடம் வயசாகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று காலை உன் வண்டியில் ஏறியபோதும் மிதித்துக்கொண்டுதான் வந்தேன். காப்பிக் கடை வரை மிதித்தேன். பாலாடைக்கட்டி வீடு வரை மிதித்தேன். அதற்குப் பிறகு எந்த இடத்தில் காலை எடுத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமில்லை. கண்ணை விழித்தால் நீ வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இறங்கு அக்கா, வந்தாச்சு" என்கிறாய்.

ஏரியை மற்றவர்கள் பார்க்கட்டும். நாலு வருஷத்துத் தூக்கத்தை நான் அந்த மலைச்சாலையில் தூங்கினேன்.

அன்புடன்
அக்கா